நாலு மணிப் பொட்டலம்

சம்பளச் சீட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் வாசல் காவலாளியிலிருந்து பெரிய மேலாளர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் நாக்கக்காதான். ஒரு மனுஷியை அவளுடைய உறுப்பை வைத்துக் கூப்பிடுவதா என்று நமக்குத்தான் முகம் சுளிக்கிறது. அவளுக்கோ அதில் கொள்ளைப் பெருமை. "கையால வேலை பாக்குறவங்க இங்க நூறு பேர் இருக்காங்க. நாக்கால வேலை பாக்குறது நான் ஒருத்திதான்" என்பாள். அவளோடு அதே வேலையை இன்னும் ஐந்து பேர் பார்த்தார்கள். அவர்களை அவள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அது நொறுக்குத்தீனி செய்கிற தொழிற்சாலை. உருளைக்கிழங்கு சிப்ஸ், சோள வளையம், உப்புக் கடலை, இந்த மாதிரி. அவள் முதலில் சேர்ந்தது பொட்டலம் ஒட்டும் பிரிவில். இரண்டாம் மாதம், உடைந்து விழுந்த சிப்ஸ் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "எண்ணெய் கெட்டுப் போச்சு" என்றாள். மேற்பார்வையாளர் சிரித்தார். "நேத்துதான் மாத்தினோம். வாயை மூடிட்டு ஒட்டு" என்றார். பத்தாம் நாள் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது. அந்த மேற்பார்வையாளர் எங்கே போனார் என்று தெரியவில்லை. இவள் ருசி பார்க்கும் அறைக்குப் போனாள். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள்.

ருசி அறை என்றதும் ஏதோ விருந்து மண்டபம் என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளை ஓடு பதித்த சுவர். ஆறு தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு முக்காலி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், வறண்ட ரொட்டித் துண்டு ஒன்று, துப்புவதற்கு ஒரு கிண்ணம். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று தலைக்கு மேல் சிவப்பு விளக்கு. எதிரே கையகல ஜன்னல். காலை சரியாகப் பத்து மணிக்கு அது திறக்கும், எண் எழுதிய சின்னக் கிண்ணங்கள் உள்ளே வரும். மெல்ல வேண்டும், துப்ப வேண்டும், உப்புக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போட்டு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் பத்து மணி என்றால், அப்போதுதான் நாக்கு முழித்திருக்கும், வயிறு பசித்தும் இருக்காது, நிறைந்தும் இருக்காது. பொழுது சாய்ந்தால் குடித்த டீயிலும் தின்ற காரத்திலும் நாக்கு மழுங்கிவிடும்.

இந்த நாக்குக்காக அவள் வாயைக் கட்டியது கொஞ்சநஞ்சமில்லை. காலையில் டீ கிடையாது. பச்சை வெங்காயம் கிடையாது. முகத்துக்குப் பவுடர்கூடக் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது: தொழிற்சாலைச் சரக்கை ருசி அறைக்கு வெளியே தொடக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து கொறித்தால் அந்த ருசி பழகிவிடும், பழகிய நாக்குக்குக் குறை தெரியாது என்று மேலாளர் காரணம் சொன்னார். மற்ற ஐந்து பேரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். இவள் மட்டும் கடையில் விற்கிற பொட்டலம் ஒன்றைக்கூட இத்தனை வருஷத்தில் பிரித்து வாயில் போட்டதில்லை. விரதம் இருக்கிறவர்கள்கூட ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சறுக்குவார்கள், இவள் சறுக்கவில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து கிண்ணம் கொடுப்பவளுக்கு ஜன்னல் என்றே பெயர் விழுந்துவிட்டது. இருவருக்கும் ஒரே வயது, ஒரே பஸ், மதியச் சாப்பாட்டுக்கு ஒரே பெஞ்சு. பதினெட்டு வருஷப் பழக்கம். புருஷனிடம் சொல்லாததையெல்லாம் ஒருத்தியிடம் ஒருத்தி சொல்லிக்கொண்டவர்கள். நாக்கக்காவின் கணவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்த அன்று, அவளைவிட அதிகம் அழுதது ஜன்னல்தான். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் எனக்குக் கோபம் வரும்போது ஏன் என்று கேட்காதீர்கள்.

கணவர் பூட்டு ரிப்பேர்க்காரர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அலமாரி அகலத்தில் ஒரு கடை. அதிகம் பேசாத மனுஷர். பூட்டோடு பேசிப் பேசி மனுஷர்களோடு பேசுவது மறந்துவிட்டது என்று அவள் கிண்டல் செய்வாள். நாலரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கடையிலேயே தலைசுற்றி விழுந்தார். ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. சிறுநீரகத்திலும் கை வைத்துவிட்டது என்றார் டாக்டர்.

"உப்பைக் குறைங்க. ஒரு நாளைக்கு மொத்தமா அரை டீஸ்பூன், அவ்வளவுதான். இப்படியே போனா வாரத்துக்கு மூணு நாள் மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ண வேண்டி வரும். அப்புறம் திரும்பி வர வழி இல்ல."

உப்பைக் குறைக்க நாக்கக்காவுக்கா சொல்லித் தர வேண்டும்? தினமும் காலையில் ஒரு சின்ன மூடியில் அரை டீஸ்பூன் உப்பை அளந்து வைத்துவிடுவாள். காலைச் சாப்பாட்டுக்கு ஒரு சிட்டிகை, மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு ஒன்று. அதிலும் மிச்சம் பிடிப்பாள். வறுத்தது போயிற்று, பொரித்தது போயிற்று, வெண்ணெய் போயிற்று. வேகவைத்த காய், கஞ்சி, முட்டையின் வெள்ளைக்கரு என்று வீட்டுச் சாப்பாடு ஆஸ்பத்திரிச் சாப்பாடாகிவிட்டது. அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார். அவர் மெல்லும்போது அவளுக்குத்தான் கண் கலங்கும்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையில் பச்சை உறை போட்ட புதுச் சோள வளையம் வந்தது. உறையில் பெரிய எழுத்தில் 'உப்பு குறைவு' என்று இருக்கும். மற்ற வளையத்துக்கு அவள் ஏழு போடுவாள். பச்சைக்கு மூன்றுதான் வந்தது. நாலைந்து தடவை துப்பித் துப்பிப் பார்த்தாள், மூன்றுதான். அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. ஊழியர் கடையில் ஒரு பெட்டி வாங்கினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பெட்டி. பெட்டியின் ஒரு பக்கத்தை இவள் பிடிக்க, மறுபக்கத்தை ஜன்னல் பிடிக்க, இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரைக்கும் தூக்கி வருவார்கள்.

தினம் காலையில் கணவரின் சாப்பாட்டுப் பையில் ஒரு பச்சைப் பொட்டலம் போகும். நாலு மணிக்குத்தான் பிரிக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். மூன்றே முக்காலுக்கே அவர் கையைத் துடைத்துக்கொண்டு தயாராகிவிடுவார் என்று பக்கத்துத் தையல்காரர் சொல்வார்.

"மூணு வேளையும் உனக்காகச் சாப்பிடுறேன். நாலு மணிக்கு மட்டும்தான் எனக்காகச் சாப்பிடுறேன்" என்று அவர் ஒரு நாள் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இப்படி நாலு வருஷம் போயிற்று. அழுத்தம் இறங்கியிருக்க வேண்டுமா இல்லையா? இறங்கவில்லை. மாத்திரை இரண்டு மூன்றாயிற்று, மூன்று ஐந்தாயிற்று. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் சிறுநீரகக் கணக்கு ஒரு படி மோசமாகவே வந்தது. டாக்டர் அவளைக் குறுகுறுவென்று பார்த்தார். "வீட்ல யார் சமைக்கிறாங்க?" என்று கேட்டார். நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, அவ்வளவு நாகரிகமெல்லாம் பார்க்கவில்லை.

"ஊருக்கெல்லாம் உப்பு பாக்குறா, கட்டினவனுக்குப் பாக்கத் தெரியல" என்றாள்.

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி நின்றது. மதியச் சிட்டிகை இரண்டை ஒன்றாக்கினாள். இரவுச் சிட்டிகையை எடுத்தே விட்டாள். அவர் கன்னம் ஒட்டியது, சட்டை தொளதொளத்தது. அழுத்தம் மட்டும் அசையவில்லை. மனுஷ மனசு எங்கே போகும்? இவர்தான் எங்கேயோ திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று போயிற்று. சட்டைப் பையைத் துழாவினாள். விரலை மோந்து பார்த்தாள். பக்கத்து டீக்கடையில் விசாரித்தாள். ஒரு மத்தியானம் அரை நாள் விடுப்புப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவர் கடைக்கே போனாள்.

இழுப்பறையில் ஒரு தகர டப்பா. திறந்தால் வெள்ளைப் பொடி. கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள், தையல்காரரும் இருந்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"சாக்பீஸ் பொடி. சாவி அச்சு எடுக்குறதுக்கு" என்றார் அவர்.

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "உனக்குத் தெரியாம நான் எதையும் தின்னதில்லம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் மூன்று நாள் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிய பெண்டாட்டியே நாலு பேர் முன்னால் திருடனாக்கிவிட்டால் யார்தான் பேசுவார்கள்? அவளுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை என்பதுதான் கொடுமை.

போன மாதம் டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த பரிசோதனைக்கு ஆறு வாரம். அதில் கணக்கு இறங்காவிட்டால் மெஷின்தான். போகும் முன்னால் உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஆலோசகர் கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். கோபமும் படவில்லை, இரக்கமும் படவில்லை. ஒரு தாளை நகர்த்தி வைத்தாள். அதில் ஐந்து கட்டங்கள்: காலை, காலைக்கும் மதியத்துக்கும் நடுவில், மதியம், மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில், இரவு.

"ஒரு நாள்ல வாய்க்குள்ள போறதையெல்லாம் எழுதுங்க. எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சர்க்கரை."

நாக்கக்கா மூன்று வேளைக்கும் சிட்டிகைக் கணக்கோடு பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள். எந்த ஆலோசகரும் அப்படி ஒரு தாளைப் பார்த்திருக்க மாட்டார். இரண்டாவது கட்டத்தில் ஒன்றுமில்லை என்று கோடு போட்டாள். நாலாவது கட்டத்தில் 'பச்சை' என்று ஒரு வார்த்தை.

"இதுல எவ்வளவு உப்பு?" என்று ஆலோசகர் அந்தக் கட்டத்தைப் பேனாவால் தொட்டாள்.

"அது கணக்குலயே வராதுங்க. உப்பு குறைஞ்சது. நானே ருசி பாத்து மூணு போட்டு அனுப்பினது."

"கடையில வாங்கின பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"நாங்க வெளியில திங்கக் கூடாதுங்க."

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இங்க வர்றவங்க பாதிப் பேர் இப்படித்தாம்மா. மூணு வேளையும் சுத்தமா இருக்கும். நடுவுல கொறிக்கிறதுலதான் எல்லாம் உக்காந்திருக்கும். அதைச் சாப்பாடுன்னே யாரும் நினைக்கிறதில்ல. ஒரு தடவை வாயில போட்டுப் பாருங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை. கணவர் உள்ளறையில் படுத்திருந்தார். நாக்கக்கா சமையலறை மேடையில் நாலு டம்ளர் தண்ணீர் வைத்து, ருசி அறையில் நாக்கைப் பழக்குவதற்குச் செய்வது போல ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு உப்பைக் கரைத்தாள். மூன்றுக்கு ஒரு டம்ளர், ஐந்துக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று. வாயைக் கொப்பளித்தாள். பச்சைப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வளையத்தை நாக்கில் வைத்தாள்.

டம்ளர்களுக்கு வேலையே இருக்கவில்லை. மெல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் தொழில் தெரிந்தவள் இல்லையா, ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்தாள். ஏழைத் தாண்டி எட்டில் போய் நின்றது. அவரைப் பட்டினி போடாத குறையாக அவள் மூன்று வேளையும் கிள்ளிக் கிள்ளிப் பிடித்து வைத்த உப்பெல்லாம் இந்த ஒரு பொட்டலத்தில் இருந்தது, அதற்கு மேலும் இருந்தது. நாலு வருஷமாக, தினமும் ஒன்று, அவள் கையாலேயே பையில் வைத்து அனுப்பியது. குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

காரணம் தெரிந்துகொண்டு அவரிடம் சொல்லலாம் என்று, மறுநாள் காலையில் பையில் பொட்டலத்தை மட்டும் வைக்காமல் விட்டாள். தொழிற்சாலையில் அவள் தன் தடுப்புக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போனாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறைக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான். ஜன்னல் கிண்ணங்களில் எண் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் சோள வளையம். கீழே இயந்திரத்திலிருந்து வந்தது அல்ல, மாடியில் இருக்கிற ஆய்வுக்கூடத்துச் சின்னத் தட்டு.

நாக்கக்கா கையிலிருந்த பச்சைப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். "இது எட்டு. நீ எனக்கு உள்ள குடுக்குறது மூணு. எப்படிடி?"

ஜன்னலின் முகம் வெளுத்தது. பேனாவை மூடி வைத்தாள்.

"முதல் மூணு மாசம் நெசமாவே மூணுதான். கடையில ஒருத்தரும் வாங்கல. அப்புறம் மேல தூவுற பொடியில உப்பைக் கூட்டிட்டாங்க. உறையை மாத்தல. உங்க அறைக்கு மட்டும் தனியா ஒரு தட்டு செஞ்சு மேலேர்ந்து வரும். நான் கிண்ணத்துல வெச்சுக் குடுக்குறதோட சரி."

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"என் வீட்டுக்காரருக்குத்தான் வாங்கிட்டுப் போறேன்னு தெரியும்."

"தெரியும்."

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பெட்டியைப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தியே."

ஜன்னல் தலையை நிமிர்த்தவில்லை. "சொன்னா வேலை போயிடும்டி. என் நெலைமை உனக்குத் தெரியாதா. தெனம் ஒண்ணுதானே திங்கிறாரு, மூணு வேளையும் நீதான் அவ்வளவு பத்தியமா போடுறியே, ஒரு பொட்டலத்துல என்ன ஆகிடப் போகுதுன்னு நெனச்சேன்."

கேட்டீர்களா கதையை? அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டி தூக்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறாள். எதிரி செய்தால் எதிரி என்று விட்டுவிடலாம். கூட உட்கார்ந்து சோறு தின்றவள் கழுத்தை அறுத்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

நாக்கக்கா கத்தவில்லை. "மேல போய்ப் பேசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"போகாதடி" என்றாள் ஜன்னல், இப்போது மெதுவாக. "நாலு வருஷ அட்டையிலயும் உன் கையெழுத்துதான் இருக்கு. வெளியில தெரிஞ்சா, அந்த அக்கா நாக்குதான் மழுங்கிப் போச்சுன்னு சொல்லிடுவாங்க. அதுக்குத்தான் உன்னை வெச்சிருக்காங்க."

அவள் நாக்குக்கு அவர்கள் கொடுத்த மரியாதையெல்லாம் இதற்குத்தான் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. மாடிக்குப் போனாள். மேலாளர் வெளியூர் போயிருக்கிறார், மத்தியானம் வந்துவிடுவார் என்றார்கள்; மூன்று மணி வரைக்கும் காத்திருந்தும் வரவில்லை. அவர் மேசையில் பொட்டலத்தை வைத்து, உறை மேலேயே 'எட்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸுக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லை, நடந்தாள்.

வழியெல்லாம் அவருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசனை. சாக்பீஸ் பொடியை நக்கிப் பார்த்தவள் எந்த முகத்தோடு போய் நிற்பாள்? காலில் விழக்கூடத் தயாராகத்தான் போனாள். கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலாகப் போகிறது. அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் மூடியதில் பிரிக்காமல் மிச்சமான பொட்டலம் மேசை மேல் இருந்தது. அவள் அதைச் சட்டென்று எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"இதைத் திங்காதீங்க. இதுலதாங்க எல்லாம் இருக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் உங்களைச் சந்தேகப்பட்டேன்." அப்புறம் ஜன்னல் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. முக்காலியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உப்பா இருக்குன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். "முதல்ல கொஞ்ச நாள் சப்புன்னுதான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் ஏறிடுச்சு."

அவளுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று தெரியவில்லை. "தெரிஞ்சா ஏங்க சொல்லல? அன்னிக்கு நான் டப்பாவைத் திறந்து அத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கினப்பக்கூட ஏன் சொல்லல?"

"நாக்கக்காவுக்குத் தெரியாம ஒண்ணுல உப்பு ஏறுமா? நீ தெரிஞ்சேதான் வெக்கிறன்னு நெனச்சேன். மூணு வேளையும் அவ்வளவு கறாரா இருந்துட்டு, நாலு மணிக்கு மட்டும் பாவம் தின்னுட்டுப் போகட்டும்னு நீ விடுறன்னு நெனச்சேன். வாயைத் திறந்து கேட்டா அதையும் நிறுத்திடுவியோன்னு பயம். அன்னிக்கு டப்பாவைத் திறந்தப்பகூட, என் அக்கா காதுக்குப் போகட்டும்னு நீ சும்மா ஒப்புக்குச் செய்யுறன்னு என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டேன்." கை துடைத்த துணியை மடித்து வைத்தார். "மூணு நாள் பேசலையே, அது கோபத்துல இல்ல. பேசினா உளறிடுவேனோன்னுதான்."

ஆறு வாரத்தில் ஏற்கனவே ஒரு வாரம் போய்விட்டிருந்தது. எதிரே ஒரு பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. தெரியும் என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. நாக்கு வரவில்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினில் படுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்ன அன்றுகூட அந்த முகம் அப்படி வாடியதில்லை.

"அப்போ அது நீ குடுத்தது இல்லையா?" என்று கேட்டார்.